பானெட் சீட்டும் அஞ்சாம் நம்பரும்

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் பாரிவாக்கத்துக்கும் நடுவே ஓடுகிற எங்கள் கம்பெனி பஸ்ஸில், கடைசி வரிசைக்கு ‘செலக்‌ஷன் கமிட்டி’ என்று பெயர். ஐந்து பேர் உட்காரலாம், இடித்துக்கொண்டால் ஆறு. இந்தியா எந்த ஊரிலாவது ஒருநாள் ஆட்டம் ஆடினால் போதும். காலையில் எஸ்டேட் வருவதற்குள் பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்துவிடுவோம். சாயங்காலம் திரும்பும்போது அதே பதினோரு பேரைக் கிழித்துத் தொங்கவிடுவோம். நிஜமான தேர்வுக் குழு எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது அவர்களுக்குத்தான் நஷ்டம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பெண்கள் முன்பக்க சீட்டில் உட்காருவது வழக்கம். நானும் பல வருஷம் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு உலகக் கோப்பை சமயத்தில், பின்னாலிருந்து ஒருவர் நம் ஆஃப் ஸ்பின்னரைப் பற்றித் தப்புத் தப்பாகப் பேசிக்கொண்டே வந்தார். வானகரம் வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து பின்னால் போய் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, காலியாக இருந்த ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், திரும்பி முன்னால் போகவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் சீட்டைக் கேட்கவில்லை.

அப்படித் தப்புத் தப்பாகப் பேசியவர் ஸ்டோர்ஸில் வேலை செய்பவர், என்னைப் போலப் பாரிவாக்கத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், குரல் மட்டும் பெரியது. அவர்தான் கமிட்டிக்குத் தலைவர், அவரே வைத்துக்கொண்ட பதவி. இன்னொருவர் டூல் ரூமில் வேலை செய்கிற பாய். பூந்தமல்லியில் மசூதித் தெருவில் வீடு. ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தும்போது, பாய் பொறுமையாக இருந்து, கடைசியில் ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தைக்குத்தான் மதிப்பு. மற்றவர்கள் வருவார்கள், போவார்கள், யார் சத்தம் பெரிதோ அவர் பக்கம் தலையாட்டுவார்கள்.

கமிட்டிக்குச் சட்டதிட்டம் உண்டு. ஒரு தொடர் ஆரம்பிக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு ஆட்டக்காரரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘கட்சி கட்டுவது’ என்போம். கட்சி கட்டிய ஆள் தொடர்ந்து மூன்று ஆட்டத்தில் சொதப்பினால், கட்சி கட்டியவர் எழுந்து நின்று, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழு பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். “இவரை எடுத்துடுங்க, நானே சொல்றேன்.” சொல்லிவிட்டு நடந்து போய், டிரைவர் பக்கத்தில் பானெட்டின்மேல் உட்கார வேண்டும். தொடர் முடிகிறவரை அங்கேதான் இடம். கிரிக்கெட்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. எங்கள் பஸ் பழைய வண்டி, என்ஜின் உள்ளேதான் இருக்கும். சாக்கு போட்டு மூடியிருந்தாலும் பானெட் சுடும். ஒருமுறை பாய் தன் லெக் ஸ்பின்னருக்காகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்து, “முட்டைய ஒடச்சி ஊத்தினா ஆம்லெட் ஆயிடும்மா” என்றார். சூடு கூடப் பரவாயில்லை. அந்த வாக்கியத்தைச் சொன்னவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். தன் ஆளைத் தானே வெளியே தள்ளுகிற முகம் அது.

இன்னொரு சட்டம் போனைப் பற்றியது. ஆளாளுக்கு ஒரு போனில் ஆட்டம் பார்த்தால், ஒரு போனில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும். இங்கே பந்து போடுவதற்குள் அங்கே சிக்ஸர் என்று கத்துவார்கள், ருசியே போய்விடும். இதனால் ஒரு பெரிய சண்டை வந்து, பேச்சுவார்த்தை நின்று, கடைசியில் முடிவு செய்தோம். பஸ்ஸில் ஒரே போன்தான், அது ஸ்டோர்ஸ்காரர் போன். சீட்டுக் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுவார். மற்றவர்கள் போனைப் பையில் போட்டுவிட வேண்டும், ஸ்கோர் பார்க்கிறேன் என்றுகூட எடுக்கக் கூடாது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, கேட்டில் லாக்கரில் வைக்க வேண்டும். ஆகையால் பகலில் என்ன நடந்தது என்பது சாயங்காலம் பஸ் ஏறினால்தான் தெரியும். நாள் முழுக்க அந்த நினைப்பிலேயே வேலை ஓடும்.

நான் சொல்ல வந்த தொடர் வெளிநாட்டில் நடந்தது. நமக்குக் காலையில் ஆரம்பித்து, சாயங்காலம் நாங்கள் வீடு திரும்புகிற நேரத்துக்கு முடியும். கட்சி கட்டுகிற நாளன்று, நான் அஞ்சாம் நம்பரில் இறங்குகிறவரைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸே சிரித்தது.

அவருக்கு வயதாகிவிட்டது என்பது ஊர் பேச்சு. டி.வி.யிலும் அதே பேச்சு. கால் நகரவில்லை, சிக்ஸர் அடிக்கவில்லை, பந்தை வீணாக்குகிறார், வெளியே ஒரு பையன் எவ்வளவு நாள்தான் காத்திருப்பான். அந்தப் பையன் இருபது ஓவர் ஆட்டத்தில் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துத் தொலைத்துக்கொண்டிருந்தான். ஸ்டோர்ஸ்காரருக்கு அவன்தான் குலதெய்வம்.

“இன்னா யக்கா, போயும் போயும் அவருக்கா கட்சி கட்டுற? அவரு பேட்ட தூக்கறதுக்குள்ள கீப்பர் டீ குட்சிட்டு வந்துடுவான்.”

“அம்பது ஓவர்பா இது. மூணு பேர் கடகடன்னு அவுட்டானா யார் நிக்கிறது? உன் பையனா?”

“அவன் இன்னாத்துக்கு நிக்கணும்? அடிச்சினே இருப்பான்.”

“அடிச்சினே இருக்கறது மீன் வறுக்கறா மாதிரி. தீய பெருசா வெச்சா முடிஞ்சிடும். அம்பது ஓவர் கொழம்பு. யாராச்சும் ஒருத்தர் அடுப்பாண்ட நிக்கணும்.”

பாய் சிரித்துவிட்டு, “கொழம்பும் கொதிக்கணும்மா” என்றார். அவருடைய வார்த்தையில் நியாயம் இருந்தது. கொஞ்ச நாளாக என் ஆள் கொதிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியில் வண்டி பிரேக்குக்குள் போகிற ரப்பர் வளையம் செய்கிறோம். சேர்ந்த நாளிலிருந்து எனக்குக் கடைசிச் சோதனை மேசை. வளையத்தை விளக்குக்கு அடியில் பிடித்துத் திருப்புவேன். பிசிறு, வெடிப்பு, காற்றுக் குமிழி, எது இருந்தாலும் தூக்கிச் சிவப்பு டப்பாவில் போட்டுவிடுவேன். தொடர் ஆரம்பிப்பதற்கு முந்தின வாரம் புதிதாக வந்த சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். என் மகன் வயதுதான் இருக்கும், மரியாதையான பிள்ளை. “அக்கா, கண்ணாடி போட்டுக்கிட்டுக் கஷ்டப்படறீங்க. இனிமே பேக்கிங்ல உட்காருங்க. ஈஸியான வேலை, உங்களுக்கு நல்லதுதானே” என்றார். என் நாற்காலிக்கு அப்போதுதான் சேர்ந்த ஒரு பெண் வந்தாள். நான் தலையாட்டிவிட்டுப் போய், பிளாஸ்டிக் கவரில் வளையங்களைப் போட்டு ஒட்ட ஆரம்பித்தேன். பதில் பேசத் தெரியாதவளா நான்? அன்றைக்கு மட்டும் ஏனோ வாய் வரவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். நல்லதுதானே என்று சொன்னால் என்ன செய்வது.

அந்த நிலையில்தான் டி.வி.யில் நாலு பேர் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அஞ்சாம் நம்பருக்கு ஓய்வு கொடுப்பது அவருக்கே நல்லது என்று பேசியதைக் கேட்டேன். அந்த ‘நல்லது’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் சொதப்பினால் நான் எழுந்து நின்று, “எடுத்துடுங்க, நானே சொல்றேன்” என்று சொல்ல வேண்டும். அதை என் வாயால் சொல்வதைவிட, மூன்று பஸ் மாறிக் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போவது மேல் என்று தீர்மானமே செய்து வைத்திருந்தேன்.

முதல் ஆட்டத்தில் அவர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஸ்டோர்ஸ்காரர் பஸ்ஸுக்குள் ஏறும்போதே ஒரு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஏறினார். இரண்டாவது ஆட்டத்தில் என் ஆள் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார். எதிரில் நின்றவன் வா என்று கூப்பிட்டுவிட்டு, பாதியில் வேண்டாம் என்று கையைக் காட்டினான். இவர் நடு வழியில் நின்றார், ரன் அவுட். அதைச் சொதப்பல் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நான் வாதாடினேன். அயனம்பாக்கத்தில் ஆரம்பித்த வாதம் குமணன்சாவடி வரை போனது.

“கூப்ட்டவன் தப்பு. ஓடுனவர் இன்னா பண்ணுவாரு?”

“வயசுப் பையனா இருந்தா திரும்பி ஓடிருப்பான் யக்கா. காலு வரல, அவ்ளோதான்.”

“காலப் பத்திப் பேசாத. நீ ஸ்டோர்ஸ்ல ஏணி ஏறவே ஆள் கூப்புடுற.”

பஸ் கொல்லென்று சிரித்தது, ஆனால் ஓட்டு என் பக்கம் விழவில்லை. பாய் முடிவு சொன்னார். “ரன் அவுட்டும் அவுட்டுதாம்மா. ஸ்கோர்போர்டுல காரணம் கேக்க மாட்டாங்க.” பாய் சொன்னால் சொன்னதுதான். ஆக, இரண்டு முடிந்தது. மூன்றாவது ஆட்டம்தான் மிச்சம்.

மூன்றாவது ஆட்டத்தன்று காலையில், அவரை எடுத்துவிட்டு அந்தப் பையனைப் போடுவார்கள் என்று ஸ்டோர்ஸ்காரர் அடித்துச் சொன்னார். டாஸ் முடிந்து பதினோரு பேர் பெயரும் வந்தபோது என் ஆள் இருந்தார். ஸ்டோர்ஸ்காரர் முகம் செத்துப்போயிற்று. “ஒரு ஆட்டம்தான், பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, பானெட்டின்மேல் கிடந்த சாக்கைத் தட்டி நேராக விரித்துவிட்டு வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று காலை டீ கூடக் குடிக்கவில்லை. பேக்கிங்கில் உட்கார்ந்து, கவர் கவராக ஒட்டினேன். பழைய மேசையில் அந்தப் பெண் விளக்கை ரொம்பத் தள்ளி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வைத்தால்தான் குமிழி தெரியும் என்று போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். எனக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் கேட்டில் போனை வாங்கிக்கொண்டு, யாரையும் ஒன்றும் கேட்காமல் பஸ்ஸில் ஏறினேன். ஸ்டோர்ஸ்காரர் போனைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். இந்தியா இரண்டாவதாக ஆடிக்கொண்டிருந்தது. முன்னால் போன நாலு பேரும் மளமளவென்று அவுட்டாகி, ஆல்ரவுண்டரும் போய்விட்டிருந்தார். நடுவில் என் ஆள் நின்றுகொண்டிருந்தார். எதிர் முனையில் நம் பந்து வீச்சாளர்கள் பேட்டோடு ஒவ்வொருவராக வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஜெயிப்பதற்கு வேண்டிய ரன் கொஞ்சம் தொலைவில்தான் இருந்தது.

“கட்டை போட்டுகினு கீறாரு பாரு” என்றார் ஸ்டோர்ஸ்காரர். “இத்தினி பந்துக்கு என் பையன் ஆட்டத்தயே முட்ச்சிட்டு ஹோட்டல் போயிருப்பான்.”

“உன் பையன் இருந்திருந்தா மொதல்லயே ஹோட்டல் போயிருப்பான். இவர் நிக்கறதாலதான் நாம இன்னும் பாத்துனு கீறோம்.”

“ஜெயிக்கலன்னா நின்னதுக்கு அர்த்தமே இல்ல. பாய், நீங்களே சொல்லுங்க.”

பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ஜெயிச்சா நின்னது. தோத்தா சொதப்புனது. இன்னிக்கு அதான் கணக்கு” என்றார். எனக்குச் சரி என்றேன். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வானகரம் வந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் திரும்பும்போது வேண்டிய ரன் பாதியாகக் குறைந்திருந்தது. அவர் அவசரப்படவில்லை. ஒரு ஓவருக்கு ஒரு நல்ல அடி, மற்றதெல்லாம் ஒன்று, இரண்டு. ஓவரின் கடைசிப் பந்தில் ஒரு ரன் எடுத்து, அடுத்த ஓவரையும் தானே ஆடுகிற மாதிரி பார்த்துக்கொண்டார். முன்பக்கப் பெண்கள்கூடத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். வேலப்பன்சாவடி சிக்னலில் பஸ் நின்றபோது, எங்கள் போனில் கடைசி ஓவர் ஆரம்பிக்கப்போகிறது. ஏழு ரன் வேண்டும். எட்டு பேர் அவுட். பந்தை ஆடப்போவது என் ஆள்.

அந்த சிக்னலில் ஒரு டி.வி. கடை இருக்கிறது. ஆட்டம் இருக்கிற நாளில் வாசலில் கூட்டம் நிற்கும், பெரிய டி.வி.யை ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார்கள். டிஷ் டி.வி.யில் போனைவிட முன்னால் வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு யாருக்கும் அது ஞாபகத்தில் இல்லை. எங்கள் போனில் பந்து வீசுகிறவன் இன்னும் ஃபீல்டரை நகர்த்திக்கொண்டிருந்தான். கடை வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் தலையில் கை வைத்தது. ஒரு ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியே போய்விட்டார்.

ஸ்டோர்ஸ்காரர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“போச்சு யக்கா. அவுட்டு. எழுந்து நில்லு.”

“இன்னும் பந்தே போடல.”

“அங்க போட்டாச்சு. கூட்டத்தப் பாத்த இல்ல? டபாய்க்காத. கம்பியப் புடி, சொல்லு.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகையா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. “என் கண்ணால பாக்காம ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். உன் போன்ல வரட்டும். அதுக்கப்புறம் பாக்கலாம்” என்றேன். பாய் கையைத் தூக்கி, “சரிதான், நம்ம போன்தான் நமக்குச் சட்டம்” என்றார். பச்சை விழுந்து பஸ் நகர்ந்தது. கடை பின்னால் போய்விட்டது.

எங்கள் போனில் பந்து வந்தது. குத்தித் திரும்பி அவர் காலில் பட்டது. பந்து போட்டவன் திரும்பி நின்று கத்தினான். அம்பயர் விரலைத் தூக்கினார். ஸ்டோர்ஸ்காரர் ஒரு பெருமூச்சு விட்டுக் கையைத் தட்டினார். ஆனால் என் ஆள் நகரவில்லை. எதிரில் நின்றவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மட்டையின்மேல் கையை வைத்து ரிவ்யூ கேட்டார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். தனக்குத் தெரியும் என்கிற முகம். மூன்றாவது அம்பயர் என்று திரையில் எழுத்து வந்தது. அத்தோடு படம் நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்டோர்ஸ்காரர் போனைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். முன்னால் ஒரு பெண் பையைத் திறந்து தன் போனை எடுக்கப்போனாள்.

“யாரும் போன எடுக்கக் கூடாது” என்றேன். “சட்டம்னா சட்டம்.” எடுத்துப் பார்த்தால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும்தான். ஆனால் என்னைத் தோற்கடிக்கிற சட்டத்தை நானே உடைத்துக்கொண்டு ஜெயித்தால், நாளைக்கு இந்தச் சீட்டில் எப்படி உட்காருவது.

குமணன்சாவடியை நெருங்கும்போது ரோட்டோரத்தில் ஒரு சரவெடி வெடித்தது. இரண்டு பையன்கள் பைக்கில் ஹாரனைக் கையெடுக்காமல் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். பிறகு டிரைவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, “ஜெயிச்சிட்டோம் போலக்கீது” என்றார்.

ஸ்டோர்ஸ்காரர் விடவில்லை. “இந்தியா ஜெயிச்சிருக்கும். உன் ஆளு ஜெயிச்சாருன்னு யார் சொன்னது? அவரு அவுட்டாகி, பின்னாடி வந்தவன் ரெண்டு சுத்து சுத்திருப்பான்.” அவர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் கும்பிட்ட சாமிகளில் அந்த வட்டமும் ஒன்று. மாங்காட்டு அம்மனிடம்கூட அவ்வளவு கேட்டதில்லை.

படம் விட்ட இடத்திலிருந்தே திரும்பி வந்தது. பந்து போகிற வழியைக் கோடு போட்டுக் காட்டினார்கள். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியிருந்தது. நாட் அவுட். அம்பயர் கையைக் குறுக்கே வைத்துத் தன் முடிவை வாபஸ் வாங்கினார். பஸ்ஸின் கூரை பறக்கிற மாதிரி ஒரு சத்தம். பாய் என் தலையில் கை வைத்து, “பாத்தியாம்மா” என்றார். கடை வாசலில் தலையில் கை வைத்த கூட்டத்தை, துண்டை உதறிவிட்டுப் போன அந்த ஆளை நினைத்தேன். பாவம், அவசரப்பட்டுவிட்டார்.

அடுத்த பந்தில் ரன் இல்லை. அதற்கடுத்த பந்தைத் தள்ளிவிட்டு இரண்டு ஓடினார், அதே கால்களால். இரண்டாவது ரன்னுக்கு விழுந்து புரண்டு கோட்டைத் தொட்டார். நான் ஸ்டோர்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது பந்து கொஞ்சம் வெளியே விழுந்தது. பேட்டைச் சாய்த்து ஒரு வெட்டு. பாயின்ட்டுக்கும் கவருக்கும் நடுவில் புல்லோடு புல்லாகப் போய்க் கயிற்றில் முட்டியது. இன்னும் ஒரே ரன். ஐந்தாவது பந்தைச் சும்மா காலடியில் தட்டிவிட்டு ஓடினார். முடிந்தது. குதிக்கவில்லை, கையைத் தூக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினார். தலையில் இருந்த நரையெல்லாம் தெரிந்தது. கூட நின்று ஆடிய இளம் பந்து வீச்சாளரின் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு நடந்தார்.

எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. கன்னத்தில் தண்ணீர் வழிந்ததையும் துடைக்கவில்லை. துடைப்பானேன், ஜெயித்தவள் நான். முன்பக்கப் பெண்கள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். டிரைவர் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

சத்தம் அடங்கியதும் ஒரு சந்தேகம் வந்தது. கட்சி கட்டித் தோற்றவருக்குத் தண்டனை உண்டு. கட்சி கட்டியவரை எழுந்து நில் என்று அவசரப்படுத்தியவருக்கு என்ன? அதற்குச் சட்டமே இல்லை. எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். அவர் இறங்குகிற இடம் வந்துவிட்டது. டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே தீர்ப்பு சொன்னார்.

“எடுத்துடுன்னு சொல்ல ஒரு வாய் வேணும்னா, இருக்கணும்னு சொல்லவும் அதே வாய் வேணும். கம்பியப் புடிப்பா.”

ஸ்டோர்ஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் பாவம் பார்க்கவில்லை, நேராகத் திருப்பிப் பார்த்தேன். அவர் எழுந்தார். மேல் கம்பியைப் பிடித்தார். அவ்வளவு பெரிய குரல் உள்ள மனிதர் தொண்டையை இரண்டு தடவை கனைத்தார்.

“அஞ்சாம் நம்பர்ல அவரு இருக்கணும். நானே சொல்றேன்.”

சொல்லிவிட்டு யாரும் போகச் சொல்லாமலே நடந்து போய், காலையில் தானே விரித்த சாக்கின்மேல் உட்கார்ந்தார். “வா அண்ணாத்தே, சூடா கீது” என்றார் டிரைவர். இறங்கும்போது ஸ்டோர்ஸ்காரர் என்னிடம், “யக்கா, இன்னிக்கி ஒரு நாள் போதும் இல்ல?” என்று கேட்டார். தொடர் முடிகிற வரைக்கும் என்றேன். சட்டம்னா சட்டம்.

பாரிவாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, அவர் ரிவ்யூ கேட்ட அந்த இடத்திலேயே என் மனசு நின்றது. அம்பயர் விரலைத் தூக்கியாகிவிட்டது. ஊரே தலையில் கை வைத்துவிட்டது. அந்த நேரத்தில் அவருக்காகக் கேட்க அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. கேட்காமல் நடந்திருந்தால், அந்தப் பந்து எங்கே குத்தியது என்று யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். நான் பேக்கிங்குக்குத் தலையாட்டிக்கொண்டு போனவள்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக சூப்பர்வைசரிடம் போனேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், என்ன திரும்ப டேபிளுக்கு விடுங்க.”

“அக்கா, உங்க நல்லதுக்குத்தானே...”

“நல்லது கெட்டது எனக்குத் தெரியும் சார். கண்ணாடி போட்டா எனக்கு நல்லாத் தெரியுது. நேத்து டேபிள்ல பாஸ் ஆன பெட்டிய எடுத்துட்டு வாங்க. அந்தப் பொண்ணும் பாக்கட்டும், நானும் பாக்கறேன். நான் விட்டுட்டா பேக்கிங்கே போறேன், வாயத் தொறக்க மாட்டேன்.”

அவர் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். சிவப்பு டப்பாவில் விழ வேண்டியது விழுந்தது. சூப்பர்வைசர் குமிழி இருந்த வளையம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இதை எழுதுகிற இன்றைக்கும் அந்த மேசையில்தான் இருக்கிறேன், அந்தப் பெண் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள். அன்றைக்கு அவர், “சரிக்கா, மேனேஜர் கேட்டா என்ன சொல்றது? நீங்கதான் இங்க இருக்கணும்னு யார் சொன்னாங்கன்னு சொல்ல?” என்று கேட்டார்.

மேலே பிடித்துக்கொள்ளக் கம்பி எதுவும் இல்லை. ஆனாலும் எழுந்து நின்றேன்.

“நான் இருக்கணும் சார். நானே சொல்றேன்.”